‘ஆள் கிடைச்சாச்சா?’

கடந்த எட்டு மாதங்களாக என்னைப் பார்க்கிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்கிற முதல் கேள்வி இது. ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்பதுகூட இரண்டாவதாகத்தான் வரும். கேட்கிறவர்களும் அனுபவப்பட்டவர்கள்தான். ஆள் கிடைத்துவிட்டால் அம்மா ஓரளவு நன்றாக இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்ததைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த மெயில்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: ‘வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆளை எப்படிப் பிடித்தீர்கள்?’ பிடித்த கதையைச் சொல்கிறேன். கோட்டைவிட்ட கதையும் அதிலேயே இருக்கிறது.

அம்மாவுக்கு 82 வயது. தஞ்சாவூரில் தனியாக இருந்தார். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அண்ணன் ஷார்ஜாவில், நான் சென்னை அம்பத்தூரில். போன ஆடி மாதம் குழாயடியில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், 11 நாள் ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளின் கடைசி வரியில், ‘24 மணி நேரமும் உடன் ஒருவர் தேவை’ என்று இருந்தது. மருந்துக் கடையில் அந்தத் தாளைக் காட்டினால் மேலே இருக்கிற எல்லாம் கிடைத்தது. கடைசி வரி மட்டும் கிடைக்கவில்லை.

‘சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதானே’ என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. என் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வாரம் ஒருமுறை விரதம் இருக்கும். அம்மாவும் வர மாட்டேன் என்று ஒரே பிடி. “என் கொல்லையைப் பார்த்துட்டுக் கிடந்தாலும் கிடப்பேனே தவிர, உன் பால்கனிக்கு வர மாட்டேன்” என்றார். விழுந்ததே அந்தக் கொல்லையில்தான் என்பதை நான் சொல்லவில்லை.

அண்ணன் ஷார்ஜாவிலிருந்தபடியே இணையத்தில் தேடி, ஒரு ஏஜென்சியின் நம்பரை அனுப்பினான். நான் பேசினேன். பேசியவர் அவ்வளவு இனிமையாகப் பேசினார். ‘டிரெயினிங் முடிச்ச நர்ஸ்தான் மேடம் அனுப்புறோம்.’ பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், டெபாசிட் 10,000, ஒரு நாளைக்கு 1,000, சாப்பாடும் தங்க இடமும் நாம் தர வேண்டும். ஆஸ்பத்திரி பில் கட்டின களைப்பில் இருந்தவளுக்கு எதையும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. ஜிபே பண்ணிவிட்டேன்.

மறுநாள் வந்து இறங்கிய ‘நர்ஸ்’ஸுக்கு 19 வயது. கையில் ஒரு துணிப்பை, கண்ணில் பயம். “எங்கம்மா படிச்ச?” என்றேன். “பிளஸ் டூ முடிச்சேன்க்கா. ஆபீஸ்ல ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தாங்க.” அந்தப் பெண் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். தோளில் நீலம் பாரித்தது. அவளுக்கு வேறு மாதிரி தூக்கத் தெரியாது. இரவெல்லாம் அம்மா ஒரே பக்கம் மல்லாந்து கிடந்தார். திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. நான்காம் நாள் காலை அம்மாவின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அன்று மாலையே அந்தப் பெண் அழுதுகொண்டே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். பாவம், அவளையும் யாரோ ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் நாளுக்குக் கொடுத்த ஆயிரத்தில் தனக்கு 600 ரூபாய்தான் வரும் என்று போகும்போது சொன்னாள். டெபாசிட்? ‘ஆள் அனுப்பிட்டோமே மேடம், ரீஃபண்ட் கிடையாது.’ குரலில் அதே இனிமை.

பணம் போனது போகட்டும். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

‘நர்ஸ்’ என்ற சொல்லை ஏஜென்சிக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுவிடுகிறார்கள். நர்ஸ் என்றால் படிப்பு இருக்க வேண்டும். ஏ.என்.எம். என்றால் இரண்டு வருடப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்தவர்கள் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள், பதிவு எண் இருக்கும். அதைக் கேட்கலாம். கேட்டால் நம்மை யாரும் திட்ட மாட்டார்கள். மற்றவர்கள் அட்டெண்டர்கள், உதவியாளர்கள். அதில் குறைவொன்றும் இல்லை. எங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டதே அட்டெண்டர்தான். குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க, சாப்பாடு கொடுக்க, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தர நர்ஸ் எதற்கு? ஊசி, மூக்கில் டியூப், சிறுநீர் டியூப், புண்ணுக்குக் கட்டு என்று இருந்தால்தான் நர்ஸ் வேண்டும். அதிலும் சில வேலைகளுக்கு நர்ஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து போனால் போதும். இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் கேட்டிருக்க வேண்டும். ‘எங்க அம்மாவுக்கு யார் தேவை, என்னென்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்?’ இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், நர்ஸ் என்ற பெயருக்கு நான் 15,000 ரூபாய் முன்பணம் அழுதிருக்க மாட்டேன்.

ஏஜென்சி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. என் தோழியின் மாமனாருக்கு ஏஜென்சி மூலம்தான் அருமையான ஆள் வந்தார். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். ஆள் சரியில்லை என்றால் எத்தனை நாளில் மாற்று ஆள்? தீபாவளி, பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் யார் வருவார்கள்? டெபாசிட் எப்போது திரும்பும்? நான் தருகிறதில் வேலை செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகும்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆளை எங்களுக்குக் கொடுத்தது கூகுள் இல்லை, அம்மா இருந்த வார்டில் வேலை பார்த்த ஆயாம்மா. யார் கை பதமான கை, யார் முகம் சுளிக்காமல் செய்வார், யார் இரண்டு மாதத்தில் அட்வான்ஸ் கேட்டு நிற்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நான் போய் நின்றதும், “முதல்லயே என்னைக் கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

அவர் அனுப்பியவர் பேராவூரணிப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததே, அந்த ஒரே இரவில் அவர் கீற்று முடைந்து பிழைத்த தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டதாம். அதற்குப் பிறகு உறவுக்காரப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்படியே இதைத் தொழிலாகப் பிடித்துக்கொண்டவர்.

இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. “அம்மாவைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்திக் காட்டுங்க” என்றேன், அவ்வளவுதான். அவர் முதலில் அம்மாவிடம் போய், “அம்மா, நாம இப்ப எந்திரிச்சு நாற்காலில உட்காரப் போறோம், சரியா?” என்று கேட்டார். நாற்காலியை எடுத்து அம்மாவின் நல்ல கால் இருக்கிற பக்கம் போட்டார். அம்மாவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் ஊன்றுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு சும்மா இருந்தார். ஒரு நிமிடம். “படுத்துக் கிடந்தவங்க சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும்க்கா.” கையைப் பிடித்து இழுக்காமல், இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எழுப்பினார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலி இல்லை.

மாதம் 22,000, மாதத்துக்கு நாலு நாள் விடுமுறை என்று பேசினோம். ஆதார் நகல் வாங்கிக்கொண்டேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிய விவரங்களைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். அதையும் செய்தேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். “செய்ங்கக்கா. நான் இருக்கிற வீடு எப்படின்னு நானும் ஆயாம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்” என்றார்.

வால் எலும்புச் சிவப்பைப் பார்த்தவர் விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தி எடுத்தால் தோல் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எங்களுடையது வெளுக்கவில்லை. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு அழுத்தித் தடவக் கூடாது (நான் இரண்டும் செய்திருந்தேன்). இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். மெடிக்கல் கடையில் காற்று மெத்தை ஒன்று 4,000 ரூபாய்க்குள் வாங்கினோம். மூன்று வாரத்தில் சிவப்பு மறைந்தது. அது புண்ணாக உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சின்ன நோட்டு போட்டோம். காலை என்ன சாப்பிட்டார், எத்தனை முறை சிறுநீர், வயிறு போனதா, பி.பி. எவ்வளவு, எந்த மாத்திரை. தினமும் அந்தப் பக்கத்தை அவர் போட்டோ எடுத்து ‘அம்மா’ என்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அண்ணனும் நானும் தலா ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவோம். பிள்ளைகளின் சேவை!

பணத்தை அண்ணன் கொடுக்கிறான், ஓட்டம் என்னுடையது. மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, ஞாயிறு இரவு திரும்பி, திங்கட்கிழமை ஆபீஸில் கொட்டாவி. ‘நான்தானே செலவு பண்றேன்’ என்று அவனும், ‘நான்தானே அலையறேன்’ என்று நானும் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறோம். இரண்டு முறையும் அம்மாவுக்குக் காது கேட்காது என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டோம். கேட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 22,000 ரூபாய் எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை மட்டுமல்ல, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பிசியோதெரபிஸ்ட் அப்படி வந்தவர்தான். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. பிள்ளைகள் இருந்தும் கைவிட்டவர்களுக்கு 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். மெயில் அனுப்பிய 74 வயது வாசகர் ஒருவருக்காக இதைச் சேர்க்கிறேன். சார், தயங்காதீர்கள்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத பகுதி.

வந்த இரண்டாம் நாள் அம்மா அவரைக் கேட்டார்: “நீ என்ன ஆளுங்க?”

எனக்குத் தரை பிளந்துவிடாதா என்றிருந்தது. அவர் போர்வையை மடித்துக்கொண்டே, “உங்களத் தூக்குற ஆளுங்கம்மா” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் நாளே பாத்திரக் கடைக்குப் போய் அவருக்கென்று புதிதாக ஒரு தட்டும் டம்ளரும் வாங்கி வந்தவள் நான்தான். ‘புதுசுதானே, சுத்தமா இருக்கட்டும்னுதானே’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் கழுவி, மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல், சமையலறை ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்தார். எத்தனை வீடு பார்த்தவர்!

‘24 மணி நேர ஆள்’ என்பதை நானும் 24 மணி நேரமும் விழித்திருக்கிற ஆள் என்றே புரிந்து வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு நோட்டு போட்டோ வரவில்லை என்றால் மெசேஜ் போடுவேன். ஒருமுறை இரண்டு மணிக்குப் பக்கம் மாற்றியதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “மாத்தினேன்க்கா. எழுதத்தான் கண்ணு சொருகிடுச்சு.” அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. மதியம் இரண்டு மணி நேரம் எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொள்வது, அந்த நேரம் இவர் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது என்று மாற்றினோம். அக்காவுக்கும் டி.வி. சீரியல் பார்க்கத் துணை கிடைத்தது.

கார்த்திகை மாதம் ஒருநாள் அம்மாவின் தோட்டுத் திருகாணி ஒன்றைக் காணவில்லை. நகைகளையெல்லாம் ஆள் வருவதற்கு முன்பே லாக்கரில் வைத்தாயிற்று. தோட்டை மட்டும் கழற்ற மாட்டேன் என்று அம்மா அழுதார், விட்டுவிட்டோம். அந்தத் திருகாணி. அம்மா எனக்குப் போன் போட்டு, “இவதாண்டி எடுத்திருப்பா” என்றார், அவர் பக்கத்தில் நிற்கும்போதே.

நான் திட்டவில்லை. “போனை அவங்ககிட்ட கொடு” என்றேன். “திருகாணியைப் பார்த்தீங்களா?” என்று மட்டும்தான் கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மறுமுனையில் பேச்சில்லை. பிறகு ஏதோ கொட்டுகிற சத்தம். வீடியோ காலில் வந்தார். தன் பையைக் கூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். இரண்டு புடவை, ஒரு நைட்டி, தலைவலித் தைலம், போன் சார்ஜர், மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. “பாத்துக்கங்கக்கா” என்றார். குரல் உயரவில்லை. “இந்த மாசச் சம்பளக் கணக்கு முடிச்சுடுங்க. வேற ஆள் வர்ற வரைக்கும் இருப்பேன். அம்மாவைப் போட்டுட்டுப் போக மாட்டேன்.”

மறுநாள் படுக்கை விரிப்பை உதறும்போது திருகாணி விழுந்தது. கண்டெடுத்தது எதிர்வீட்டு அக்கா. அவர் எடுத்திருந்தால் ‘திருப்பி வைத்தார்’ என்று நான் நினைத்திருப்பேனோ என்னவோ. அன்றிரவே பஸ் ஏறினேன். காலை ஆறு மணிக்குப் போய் இறங்கி, என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து, “தப்பு பண்ணிட்டேன்” என்றேன். அவர் அம்மாவுக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். “காபி போடவாக்கா?” என்றார்.

அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை தேவை, எனக்கு ஆள் தேவை. அந்த மாதம் சம்பளத்தோடு இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் இன்னொரு தோட்டையும் நானே கழற்றி, இரண்டையும் லாக்கரில் வைத்தேன். இந்த முறை அம்மா அழவில்லை. ஜன்னல் திட்டிலிருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு அலமாரியில் அடுக்கினேன். அதை அவர் கவனித்தாரா, தெரியாது.

பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனார். நான் லீவு போட்டு வந்தேன். போவதற்கு முன் என்னை நிற்க வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டை நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது, குழைந்த சாதம்தான், அவசரப்படுத்தினால் புரையேறும். மாத்திரைகளை நாள் வாரியாகப் பிரித்துச் சின்னச் சின்னக் கவரில் போட்டு, கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து வைத்திருந்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, என்னை நம்பவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை, அம்மாவை நாற்காலிக்கு மாற்றப் போனேன். கையைப் பிடித்தேன்.

“இழுக்காதடி. காலைத் தரையில ஊனவிடு. ஒரு நிமிஷம் நிறுத்து. உனக்கு எப்பவும் அவசரம்.”

நிறுத்தினேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். முழங்காலை மடக்க மறந்துவிட்டேன். அதற்கும் ஒரு திட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு. உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து கைக்கு வந்த டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தேன். ஜன்னல் திட்டு டம்ளர். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உள்ளே திக்கென்றது.

ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை தூக்கல்” என்றார். “அவளுக்கு ஒரு போன் போடு. மக வீட்ல இருக்காளான்னு கேளு. எப்ப வர்றான்னும் கேளு.”